டாக்டர் முறை

எங்கள் செல்லியம்மன் நகரில் டாக்டர் தங்குவதில்லை. கொசு தங்கும், மழைத்தண்ணீர் தங்கும், சொல்லாமல் வந்த விருந்தாளி மாதக்கணக்கில் தங்குவார். டாக்டர் மட்டும் ஆறு மாதம், மிஞ்சிப்போனால் எட்டு மாதம். வானகரம் மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே மூன்று கிலோமீட்டர் வரவேண்டும். பாதி தூரம் தார், பாதி தூரம் சேறு. நூற்று நாற்பது வீடு இருந்தும் ஒரு மருந்துக்கடை கிடையாது.

முதல் டாக்டர் சவுதிக்குப் போனார். போகிற விஷயத்தை அவர் போன பிறகுதான் சொன்னார்கள். இரண்டாவது டாக்டர் நல்ல மனுஷன். அவர் மனைவி ஒருநாள் ஊரைப் பார்க்க வந்தாள், துணி துவைக்கிற கல்லுக்கடியில் ஒரு சாரைப்பாம்பைப் பார்த்தாள், வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். அடுத்த வாரம் இவரும் போய்விட்டார். பாம்பு இன்னும் இருக்கிறது.

அவர் போன பதினேழாம் நாள் என் மகள் கஸ்தூரிக்கு மூச்சிரைப்பு வந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. சளிதான் என்று விக்ஸ் தடவிக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் அவள் கழுத்துக்குழி உள்ளே உள்ளே போக ஆரம்பித்தது. பேச வந்தால் ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. நகத்தைப் பார்த்தேன், நாவல்பழம் தின்ற நாக்கு நிறத்தில் இருந்தது. என் கணவர் மனோகரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலையில் இருந்தார். கூப்பிட நாதியில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடி, ஒரு செங்கல் லாரியை மறித்துப் பூந்தமல்லிக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸ், "இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தே?" என்று கத்தினாள். லாரி தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளை பிழைத்தாள். நான்தான் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் தும்மினால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். தூங்குகிறவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். "பைத்தியமாடி உனக்கு?" என்று மனோகரன் திட்டுவார். ஆமாம், பைத்தியம்தான். லாரியில் உட்கார்ந்து வந்தது நான்தானே.

அதனால் எண்பத்தெட்டாம் வருஷம் குடியிருப்போர் சங்கத்தில் மூன்றாவது டாக்டரைத் தேடலாமா என்று பேச்சு வந்தபோது, எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது நான். சங்கச் செயலாளர் பார்த்தசாரதி, ஆவடி பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸில் இருந்தவரை கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. சொந்த வீடு கட்டி இங்கே வந்த பிறகு தலைவலித் தைலம்தான். அவர் தன் வீட்டு முன்னறையை வாடகை இல்லாமல் தருவதாகச் சொல்லிப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். மூன்று பேர் கடிதம் போட்டார்கள். வந்தது ஒருவர். டாக்டர் லோகநாதன், இருபத்தாறு வயசு, ஆம்பூர்ப் பக்கம், கல்யாணம் ஆகவில்லை. பாம்பைப் பார்க்க மனைவி இல்லை என்பதே எங்களுக்குப் பெரிய தகுதியாகத் தெரிந்தது.

அவரை அழைத்துவர நானும் பார்த்தசாரதியும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கே போனோம். முந்தின நாள் பள்ளத்தில் எல்லாம் கரித்தூள் கொட்டி மேடாக்கியிருந்தோம். தெருநாய்களைப் பிடித்துக் கட்டிப்போட்டிருந்தோம். பெண் பார்க்க வருகிற வீடு தோற்றது. "தண்ணிக் கஷ்டம் உண்டா?" என்று கேட்டார். "அதெல்லாம் பேச்சே இல்ல டாக்டர்" என்றேன். ஊரில் ஒரே ஒரு போர் பம்ப், வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பிடிக்கிறோம், அந்த முறை நோட்டே என் கையில்தான் இருக்கிறது என்பதை அவர் வந்து தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வந்தார், உட்கார்ந்தார். ஈ ஓட்டினார் என்று சொல்வார்களே, நிஜமாகவே ஓட்டினார். ஒரு நாளைக்கு மூன்று பேர், நாலு பேர். எங்கள் ஜனத்துக்கு வானகரத்தில் துலுக்கானம் என்று ஒரு பழைய கம்பவுண்டர் இருந்தார். போய் நின்றதும் ஊசி போடுவார். லோகநாதன் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, வெந்நி குடிங்க" என்று அனுப்பினால் யார் வருவார்கள்? வெந்நீர் வைக்க எங்களுக்கே தெரியும்.

பார்த்தசாரதி வீடு எங்களுக்கு எதிர்வீடு என்பதால் என் சமையலறை ஜன்னலிலிருந்து அவர் மேஜை தெரியும். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார், மடிப்பார், மறுபடி விரிப்பார். மூன்றாவது வாரம் கஸ்தூரிக்குச் சளி மருந்து வாங்கப் போனபோது, "இன்னும் ஒரு மாசம் பார்க்கிறேம்மா. சும்மா உட்கார்ந்திருந்தா படிச்சதெல்லாம் மறந்துடும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் விரல் விட்டு எண்ணினேன். ஒரு மாசம் என்றால் ஆடி முடிகிற நேரம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். மழையில்தான் அவளுக்கு மூச்சு இறுகும்.

அன்றைக்குத் தண்ணீர் முறை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரி டாக்டருக்கும் முறை வைத்தால் என்ன? தினம் பத்து வீடு. வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு நோவு. ஃபீஸ் கொடுத்துவிட்டு, மாத்திரையை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு வரட்டும். பதினாலு நாளைக்கு ஒரு தரம்தான் ஒரு வீட்டுக்கு முறை வரும். கூட்டம் இருக்கிற கடையில்தான் ஜனம் நுழையும், நாலு மாதத்தில் தானாகவே நிஜ நோயாளிகள் வந்துவிடுவார்கள். சங்கத்தில் சொன்னேன். பார்த்தசாரதி கொஞ்சம் தயங்கினார். பிறகு, "டாக்டர் காதுக்குப் போகக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

நோவைப் பிரித்துக் கொடுத்தது நான். ஒரே நாளில் ரெண்டு இடுப்புப் பிடிப்பு வரக்கூடாது, வயிற்றுவலிக்குப் பக்கத்தில் வயிற்றுவலி வரக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினேன். காய்ச்சல் முறை வந்தவர்களுக்கு ஒரு உபாயம் சொல்லிக் கொடுத்தேன். டாக்டர் தெர்மாமீட்டரை வாயில்தான் வைப்பார். உள்ளே போகிறதுக்கு முன்னால் என் வீட்டில் வந்து சூடான வெந்நீரை வாயில் அடக்கி, துப்பிவிட்டுப் போகவேண்டியது. இன்னொன்றும் சொன்னேன். "முன்னாடி ஏதாவது ஊசி, மருந்து ஒத்துக்காம போச்சான்னு கேட்பார். இல்லைன்னு சொல்லிடுங்க. ஆமான்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவார். நம்ம கூட்டத்துல ஒண்ணு குறையும்." பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

பொன்னியம்மாவிடம் சொன்னபோது அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். இந்த மனைகள் எல்லாம் வயலாக இருந்த காலத்தில் இங்கேயே நாற்று நட்டவள், இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். "நோவே இல்லாம இன்னான்னு பத்மாம்மா சொல்றது? குத்துக்கல்லாட்டம் கீறேன்" என்றாள்.

"கால் வலின்னு சொல்லேன்."

"கால் நோவுக்கு ஊசி போடுவாரா? ஊசி போடாத டாக்டரு இன்னா டாக்டரு?"

அதுவும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அடுத்த முறை போனபோது டாக்டரிடமே சொன்னேன். "தப்பா நெனைக்காதீங்க டாக்டர். ஊசி போட்டாத்தான் இந்த ஜனம் நிக்கும்." தேவைப்பட்டால் மட்டும் போடுகிறேன் என்றார். போடவும் ஆரம்பித்தார்.

முறை நன்றாக நடந்தது. பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு பேர். வாசலில் பெஞ்சு போடவேண்டி வந்தது. டாக்டர் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. ஆகஸ்டில் கஸ்தூரிக்கு ஒரு தரம் மூச்சு இறுகியது. தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினேன், அவ்வளவுதான் தூரம். நரம்பில் மெதுவாக ஒரு ஊசி போட்டார், போட்டுக்கொண்டே அவளிடம் ஏதோ நாய்க்குட்டிக் கதை பேசினார். ஊசி முடியும்போது பிள்ளை சிரிக்கிறாள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ரெண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் நானும் நன்றாக மூச்சு விட்டேன்.

செப்டம்பரில் ஒருநாள் அவர் ஒரு கவரைக் காட்டினார். மதுரையில் குழந்தை வைத்தியம் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம், அக்டோபர் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் சேரவேண்டுமாம். அவரே சொன்னார், "போகப்போறதில்லம்மா. பதினெட்டு பேர் தினம் வர்றாங்க. இவங்களை விட்டுட்டு எப்படிப் போறது? வேண்டாம்னு எழுதிட்டேன், போஸ்ட் பண்ணணும்."

சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பட்டேன்.

செப்டம்பர் கடைசியில் பொன்னியம்மாவின் முறை வந்தது. அவளுக்கு நான் எழுதிய நோவு: தொண்டைவலி, காய்ச்சல். காலை பத்து மணிக்கு வந்து என் அடுப்படியில் நின்று வெந்நீரை வாயில் அடக்கினாள். வாய் நிறைய வெற்றிலை போடுகிறவள். வாயும் தொண்டையும் எப்போதும் சிவப்பு. டாக்டர் பார்த்தபோது காய்ச்சலும் இருந்தது, சிவந்த தொண்டையும் இருந்தது. நான் ஜன்னலில் நின்று முறைக்கு வந்த தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பென்சிலின் போட முடிவு பண்ணியிருக்கிறார். முன்னால் ஏதாவது ஊசி ஒத்துக்காமல் போனதா என்று கேட்டிருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்தபடி, இல்லை என்றிருக்கிறாள். அப்படியும் அவர் முறைப்படி முன்கையில் தோலுக்கடியில் ஒரு துளி மருந்தைச் செலுத்தி, அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார். அந்த இடம் சிவந்து தடித்தால் ஊசி போடக்கூடாது. பிறகு பார்க்கும்போது கொஞ்சம் சிவப்பு இருந்திருக்கிறது. "என்னம்மா இது?" என்று கேட்டிருக்கிறார். "கொசு நைனா. இங்க கொசு கடிக்காத கை எங்க கீது? போடு, கேன்டீனுக்கு நேரமாவுது" என்றிருக்கிறாள். அவள் கையெல்லாம் கொசுக்கடிதான். போட்டுவிட்டார்.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் படியிறங்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "பத்மாம்மா, நாக்கு தடிக்குது" என்றாள், என் ஜன்னலைப் பார்த்து. அந்தக் குரலே அவள் குரலாக இல்லை. நான் தெருவைத் தாண்டி வருவதற்குள் அவள் உதடு இரண்டும் வீங்கி, கண் இடுங்கி, அடியற்ற மரமாகக் கீழே விழுந்தாள். மூச்சு விசில் அடிக்கிற மாதிரி இழுத்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் வீட்டில் கேட்ட சத்தம்.

"காலைத் தூக்கிப் பிடிங்க!" என்று டாக்டர் கத்தினார். நான் பிடித்தேன். அவர் ஒரு ஊசி போட்டார், நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், இன்னொன்று போட்டார். அவர் சட்டை முழுக்க வேர்வை, ஆனால் கை துளி நடுங்கவில்லை. சோடா கம்பெனி டெம்போவில் அவளை ஏற்றிப் பூந்தமல்லிக்கு அவரே கூடப் போனார். பெஞ்சில் மீதி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு நோயும் இல்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் டாக்டர் திரும்பி வந்து இறங்கியபோது, பொன்னியம்மாவின் மகன் தேவராஜ் ஏழெட்டு ஆட்களோடு வாசலில் நின்றான். டிரம் கம்பெனியில் வேலை செய்கிறவன், கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருக்கும். வந்த வேகத்தில் டாக்டரின் காலரைப் பிடித்தான். "நல்லாக் கீற ஆளுக்கு இன்னா ஊசிடா போட்ட? எங்க ஆத்தாளக் கொல்லப் பாத்தியா?"

நல்லாக் கீற ஆளு. அவனுக்குத் தெரியாமலே நிஜத்தைச் சொல்லிவிட்டான். நான் வாயைத் திறக்கவேண்டிய இடம் அதுதான். பக்கத்தில் நின்ற பார்த்தசாரதி பல்லைக் கடித்துக்கொண்டு, "பேசாதே பத்மா. தெரிஞ்சா இன்னைக்கே போயிடுவார்" என்றார். அதற்காக மட்டும் நான் பேசாமல் இல்லை. அந்த உலக்கைக் கையைப் பார்த்தும் பயந்தேன்.

டாக்டர் காலரை விடுவித்துக்கொள்ளவே இல்லை. "உங்கம்மா பொழைச்சுட்டாங்க. நாளைக்கு வீட்டுக்கு வருவாங்க. தப்பு என்னுதுதான். கையில சிவப்பைப் பார்த்தேன். கொசுன்னு விட்டுட்டேன்" என்றார். தேவராஜ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையை எடுத்தான். அடிக்க வந்தவனுக்கு வெட்கம் வந்துவிட்டது, தப்பு செய்த எனக்கு வரவில்லை.

பொன்னியம்மா வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன். முகம் இன்னும் வீக்கம் வற்றாமல் இருந்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். "தேவராஜப் பெத்தப்ப ஒரு ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சுது. நீ இல்லன்னு சொல்லச் சொன்ன, சொல்ட்டேன்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அக்கா, நான் பாவி."

"அயுவாத. நான் இன்னா செத்தா பூட்டேன்? நான் யார்கிட்டயும் சொல்லல, நீயும் சொல்லாத. உன் பொண்ணு மூச்சு வாங்கசொல்லோ நானும்தான பாத்துகினு இருந்தேன். அந்த டாக்டரு இங்கயே கெடக்கட்டும்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. தேவராஜ் என்னை அறைந்திருந்தாலும் தேவலை. இந்த ரகசியத்தை அவள் எனக்குத் தானம் கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முறையை நிறுத்திவிட்டேன். யாரும் கேட்கவில்லை, யாரும் போகவும் இல்லை. டாக்டர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். தன்னைப் பார்த்து ஊர் பயந்துவிட்டது என்று நினைத்தார். அந்த வாரம் முழுக்க அவர் யாருக்கும் ஊசி போடவில்லை. எழுதும்போதே பேனா ஆடியது. ஜன்னலிலிருந்து பார்த்தேன், டம்ளரை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

புதன்கிழமை காலையில் கஸ்தூரிக்கு மூச்சு இறுக ஆரம்பித்தது. பெரிதாக இல்லை, ஆரம்பம்தான். தூக்கிக்கொண்டு போனேன். அதே ஊசி, அதே மருந்து. அவர் பிள்ளையின் கையைப் பிடித்தார். குத்தினார், நரம்பு கிடைக்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி குத்தினார். ரத்தம் வந்தது, நரம்பு கிடைக்கவில்லை. நாய்க்குட்டிக் கதை எதுவும் இல்லை. கஸ்தூரி என் முகத்தைப் பார்த்தாள், அவள் கழுத்துக்குழி இறங்குவது எனக்குத் தெரிந்தது. நாலாவது தரம் கிடைத்தது. மருந்து உள்ளே போகப் போக அவர் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறார் என்று புரிந்தபோது என் பயம் முழுசாகத் தலைக்கேறியது. டாக்டரை நான் பிடித்துவைத்துவிட்டேன். ஆனால் அவர் கை போய்விட்டது. மழைக்காலத்தில் ராத்திரி ஒரு மணிக்கு இவளைத் தூக்கிக்கொண்டு வந்தால், இந்தக் கைதான் குத்தும்.

பிள்ளை பெஞ்சில் படுத்துத் தூங்கினாள். டாக்டர் மேஜையில் இருந்த இரண்டு கவரைக் காட்டினார். ஒன்று மதுரையிலிருந்து வந்தது. மற்றது வேண்டாம் என்று இவர் எழுதி இன்னும் போஸ்ட் பண்ணாதது.

"இங்க எனக்குத் தெரிஞ்சவங்கன்னா நீங்கதான். நீங்களே சொல்லுங்கம்மா. பதினெட்டு பேர் என்னை நம்பி வந்தாங்க, விட்டுட்டுப் போனா துரோகம். இருந்தா இன்னொருத்தரைக் கொன்னுடுவேனோன்னு இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவார். என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவர் கை மேஜைமேல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"உங்க மேல தப்பே இல்ல டாக்டர். பொன்னியம்மாவுக்குக் காய்ச்சலே கிடையாது" என்றேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வெந்நீர், வெற்றிலை, ஊசி ஒத்துக்காததை மறைக்கச் சொன்னது, பத்து வீட்டு முறை, நோட்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய், நோயாளிகள் பெயர் எழுதுகிற பெரிய ரிஜிஸ்தரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பென்சிலை எடுத்தார்.

"சொல்லுங்க. நாகப்பன், வயித்துவலி."

"பொய்."

"தாயம்மா, தலைசுத்தல்."

"பொய். இல்லல்ல, அது நிஜம். அவ முறையில வரல."

"ஜேம்ஸ், இருமல்."

"பொய் டாக்டர்."

ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், ஒரு மாதம். சில பெயருக்குப் பக்கத்தில் அவர் சின்ன எழுத்தில் ஏதோ குறித்து வைத்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

"எந்த மருந்துல எத்தனை நாள்ல குணமாச்சுன்னு எழுதி வச்சேன். எல்லாரும் ரெண்டு நாள்ல குணமானாங்க. எனக்குக் கை ராசின்னு நெனைச்சேன்" என்றார். பென்சிலை ஒரு தரம் கீழே வைத்தார். "நான் படிச்சு முடிச்சு முதல்ல பார்த்த நோயாளிங்கம்மா இவங்கெல்லாம்."

மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவே கூசியது. கடைசியில் அடிக்காமல் மிச்சம் இருந்த பெயர்களை எண்ணினார். ஒரு நாளைக்கு எட்டு பேர் தேறியது. "எட்டு பேர் நல்ல ஆரம்பம்தான். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நானே இருபது ஆக்கியிருப்பேன்" என்றார்.

"இருங்க டாக்டர். இனிமே ஒரு பொய் நடக்காது. எனக்கு வேற எதுவும் சொல்லத் தெரியல. எனக்குப் பயமா இருக்கு."

அவர் தூங்குகிற கஸ்தூரியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரம் முழுக்க நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். பிறகு, வேண்டாம் என்று எழுதிப் போஸ்ட் பண்ணாத கவரை எடுத்து இரண்டாகக் கிழித்தார். கிழித்தபோது பார்த்தேன், கை நடுங்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை, மத்தியானம் பஸ். இந்தத் தரம் டாக்டர் சொல்லிக்கொண்டுதான் போனார். வீடு வீடாகப் போய்ச் சொன்னார், பொன்னியம்மா வீட்டுக்கும் போனார். அவளிடம் ஒரு சீட்டில் பென்சிலின் என்று எழுதிக் கொடுத்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைக் காட்டணும் என்றாராம். பார்த்தசாரதி தன் வாசலில் நின்று, நான் கேட்கவேண்டும் என்றே, "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா டாக்டர் இருந்திருப்பார். இனிமே அடுத்தவனை எங்க போய்த் தேடறது?" என்றார். நூற்று நாற்பது வீட்டில் பாதி வீடு அன்றைக்கு என்னோடு பேசவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயம்தான்.

கடைசியாக என் வீட்டுக்கு வந்தார். ஒரு பாட்டில் சிரப், மாத்திரைகள், எந்த வேளைக்கு எது என்று தமிழில் எழுதிய தாள் எல்லாம் கொடுத்தார். பூந்தமல்லியில் ஒரு டாக்டருக்குக் கடிதமும் எழுதியிருந்தார். கஸ்தூரி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு விஷயம்மா. அவளுக்குப் பயம் வந்தா மூச்சு இன்னும் இறுகும். எதிர்ல டாக்டர் இருக்கார்ங்கிற தைரியத்துலதான் பாதி நாள் அவளுக்கு வராம இருக்கு. நான் போயிட்டேன்னு உடனே சொல்லாதீங்க" என்றார்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா டாக்டர்?"

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

நாலரை மணிக்குக் கஸ்தூரி வந்தாள். பையைக் கழற்றாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். எதிர்வீட்டு முன்னறை பூட்டியிருந்தது. செம்பரம்பாக்கம் பக்கம் வானம் கறுத்து, காற்றில் ஈரம் வந்துவிட்டிருந்தது. அவள் ஒரு தரம் இருமினாள்.

"அம்மா, டாக்டர் எங்க?"

"ஊருக்குப் போயிருக்கார்."

"எப்ப வருவாரு?" அவள் தோள் லேசாக ஏற ஆரம்பித்தது. எனக்குத் தெரியும் அந்த ஏற்றம்.

"திங்கக்கிழமை வந்துடுவார்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"நிஜமாவா?"

"சத்தியமா."

தோள் இறங்கியது. பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தின்ன என்ன இருக்கிறது என்று கேட்டாள். நான் டப்பாவைத் திறந்து முறுக்கை எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அன்றைக்கு என்ன சொல்வது என்று நின்ற இடத்திலேயே யோசிக்க ஆரம்பித்தேன்.